கரியும் பசையும்: சீன மைக்கட்டியும் மட்டக்களப்பு ஏட்டு மையும் – ஒரு சமூகவியல் நோக்கு

தமிழ் ஏட்டுச் சுவடிகள் பற்றி எழுதுவோர் ஓலையைப் பற்றியும் எழுத்தாணியைப் பற்றியும் விரிவாகக் கூறுவர், பிரதி செய்தவரின் பெயரைத் தேடுவர், பாடபேதங்களை வரிசைப்படுத்துவர். எழுத்தைக் கண்ணுக்குப் புலனாக்கும் கரிய பொருளாகிய மை பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதுவோர் குறைவு. இலக்கிய வரலாற்றைச் சமூகத்தின் பொருளுற்பத்தி வரலாற்றோடு இணைத்து நோக்க வேண்டும் என வற்புறுத்தும் நாமும் இதற்கு விலக்கல்லர். அச்சகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். காகிதத்தின் விலையைப் பற்றியும் பேசியிருக்கிறோம். விளக்கின் புகை எவ்வாறு எழுத்தாயிற்று, அப்புகையைத் திரட்டிய கை எது என்ற வினாக்களை எழுப்பினோமில்லை.

இவ்வினா எனக்கு எழுந்தது நூலகத்தில் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையில், ஒரு கிராமத்து வீட்டிலிருந்த கூத்து ஏட்டைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஏட்டுக்குரிய முதியவர் கட்டை அவிழ்த்து ஓர் ஓலையைக் கையில் தந்தார். வெளிறிய மஞ்சள் நிறம்; எழுத்து எதுவும் இல்லை போலத் தோன்றிற்று. வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்தபோது மாத்திரம் கீறல்கள் மெல்லிய நிழல் காட்டின. முதியவர் சிரித்தார். "மை பூசினாத்தான் மனே எழுத்துக் கண் முழிக்கும்" என்றார். சிரட்டைக் கரித்தூளை எண்ணெயிற் குழைத்து, சீலைத் துண்டினால் ஓலையின் முகமெங்கும் தேய்த்தார். ஓலை முற்றாகக் கறுத்து, இருந்த சிறிது நிழலும் மறைந்தது. பின்னர் வேறொரு சீலையால் அழுத்தித் துடைத்தார். மேற்பரப்பில் இருந்த கறுப்பு அகன்றது. கீறல்களுள் இருந்த கறுப்பு அகலவில்லை. ஒரு விருத்தத்தின் முதலடி என் முன் எழுந்து நின்றது. அப்பொழுது அடுக்களை வாசலில் நின்ற அவருடைய மனைவியார், "கரிய அரைச்சது நான், கண் முழிக்க வச்சது அவராம்" என்றார். இக்கட்டுரை அந்த அம்மையாரின் கூற்றுக்கு எழுதப்பட்ட விளக்கம் என்று கொள்ளினும் தவறில்லை.

ஏட்டில் எழுதுதல் என்பது உண்மையில் இரு வேறு தொழில்களின் சேர்க்கை. முதலாவது, எழுத்தாணியின் கூர்முனையால் ஓலையின் மெழுகுத் தன்மை வாய்ந்த புறத்தோலைக் கீறுதல். இதற்கு மை வேண்டியதில்லை. பழகிய கை இருளிலும் எழுதும் என்பர். இரண்டாவது, கீறிய இடத்தைக் கறுப்பாக்குதல். இதனையே மரபில் மையாடல் என்றனர். புதிதாக எழுதி முடித்த சுவடிக்கு மையாடிப் படிக்கத் தொடங்குவது ஒரு விழாவாகவே நடந்தமையை உ. வே. சாமிநாதையர் தமது தன்வரலாறாகிய 'என் சரித்திர'த்திற் குறித்துள்ளார். முதற்றொழில் எழுதுவோனுக்கு உரியது. இரண்டாவது படிப்போனுக்கு உரியது. எழுதிய கை மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரும், படிக்க விரும்பும் ஒருவர் மீண்டும் மை பூசி அந்த எழுத்தை மீட்டுக்கொள்ளலாம். ஆகவே தமிழ் ஏட்டு மரபில் மை எழுதுகருவியன்று, அது வாசிப்புக் கருவி. பின்வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

ஒப்பிடுவதற்கு மை தனித்ததொரு கைத்தொழிலாக வளர்ந்த சமூகம் ஒன்று வேண்டும். அதற்குச் சீனத்தினும் பொருத்தமான இடம் இல்லை. ஆங்கிலேயர் நெடுங்காலமாக 'இந்திய மை' என வழங்கிவரும் பொருள் இந்தியாவின் ஆக்கமன்று. இந்தியாவின் வழியாக வந்த சீன மையே அது. பிரெஞ்சுக்காரர் அதனைச் சீன மை என்றே அழைக்கின்றனர். வணிகன் எங்கிருந்து இறக்கினானோ அவ்விடத்தின் பெயர் பண்டத்துக்கு வந்துவிட, ஆக்கியவனின் நாடு மறைந்துபோவது ஏகாதிபத்திய வணிக வரலாற்றில் புதுமையன்று.

சீன மை குப்பியில் அடைத்த நீர்மமாகவன்றி, கையடக்கமான ஒரு கட்டியாக விற்கப்பட்டது. கல்லின் மீது சிறிது நீர் விட்டு, கட்டியை அதில் உரைத்தால் வேண்டிய அளவு மை கிடைக்கும். மூலப்பொருள்கள் இரண்டே: புகைக்கரியும் பசையும். 6ஆம் நூற்றாண்டில் சியா சிசியே எழுதிய 'சிமின் யாவோசூ' என்ற வேளாண்மை நூலில் மை கூட்டும் முறை தெளிவாகத் தரப்பட்டுள்ளது. உழவும் ஊறுகாயும் கால்நடையும் பற்றிய நூலில் மை இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. மை அங்கு இன்னும் வீட்டுத் தொழில்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு சின் நிறையுள்ள கரிக்கு ஐந்து லியாங் பசை என்பது அவர் கூறும் அளவு. ஒரு சின் என்பது பதினாறு லியாங் ஆதலால், கரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த அளவு பசை சேர்கிறது. முட்டையின் வெண்கரு, கத்தூரி முதலியனவும் சேரும். கரி மிக நுண்ணியது, திறந்த வெளியிற் சலித்தாற் பறந்துவிடும் என்பதால், பட்டுத் துணியால் சாடிக்குள்ளேயே சலிக்க வேண்டும். பின்னர் இரும்பு உரலில் இட்டு முப்பதாயிரம் முறை குத்த வேண்டும். அதனினும் கூடினால் இன்னும் நன்று. வெப்பக் காலத்திற் செய்தாற் பசை அழுகி நாறும். கடுங்குளிரிற் செய்தால் கட்டி உலராது. எனவே பருவமும் குறிக்கப்பட்டுள்ளது.

முப்பதாயிரம் என்ற எண்ணை ஒரு கணம் நின்று நோக்குவோம். நிமிடத்துக்கு ஐம்பது குத்து எனக் கொண்டால் இடைவிடாத பத்து மணித்தியால வேலை. இதன் பயன் யாது என்பதை இன்றைய இரசாயன அறிவு கூறும். புகைக்கரியின் துணிக்கை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதோ அதனிலும் சிறியதோ ஆகும். தனியே விட்டால் இத்துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்; நீரில் இட்டாற் படியும். பசை ஒவ்வொரு துணிக்கையையும் மெல்லிய போர்வையாகச் சூழ்ந்து, அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. உலக்கையின் வேலை இப்போர்வையை எங்கும் பரப்புவதே. கட்டியை நீரில் உரைக்கும்போது துணிக்கைகள் படியாது மிதப்பதும், எழுதியபின் காகித இழைகளிற் பற்றி நின்று நீர் பட்டாலும் கலையாதிருப்பதும் இதனாலேயே. எழுத்தறிஞர் ஒருவரின் தூரிகை வீச்சில் நாம் வியக்கும் ஒழுக்கு, உரலடியில் நின்றவனின் தோளில் ஒரு பகுதி தொடங்குகிறது.

1637இல் வெளிவந்த சொங் யிங்சிங்கின் 'தியன்கொங் காய்வூ' என்னும் தொழில்நுட்ப நூல் கரி எடுக்கும் முறையை விளக்குகிறது. தேவதாரு இனத்துப் பைன் மரத்தின் அடியில் சிறு துளையிட்டு, அதில் விளக்கேற்றி மெல்லச் சூடாக்கினால், மரத்தின் பிசின் முழுவதும் வடிந்துவிடும். பிசின் சிறிதும் எஞ்சலாகாது; எஞ்சினால் மையில் கரையாத கட்டிகள் தோன்றும். பின்னர் மரத்தை வெட்டித் துண்டாக்குவர். படகின் கூரையைப் போல மூங்கிற் பிளாச்சுகளை வளைத்து, முப்பது மீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கூடாரமாகத் தொடுப்பர். உள்ளும் புறமும் காகிதமும் பாயும் ஒட்டி அடைப்பர். ஒரு தலைப்பில் நெருப்பிட்டுப் பல நாள் எரிப்பர். புகை மறுதலைப்பை நோக்கிச் செல்லும். ஆறியபின் ஆட்கள் உள்ளே புகுந்து கரியைச் சுரண்டி எடுப்பர்.

இங்குதான் நமது கவனத்துக்குரிய செய்தி வருகிறது. நெருப்புக்கு மிகத் தொலைவில், கூடாரத்தின் கடைசி ஓரிரு பகுதிகளிற் படியும் கரி மிக நுண்ணியது; அது உயர்ந்த மைக்குரியது. இடைப்பகுதியின் கரி சாதாரண மைக்குப் போகும். நெருப்புக்கு அண்மையிற் படியும் பருங்கரி புத்தகம் அச்சிடுவோருக்கு விற்கப்படும். அதிலும் கழிந்தது வண்ணம் பூசுவோருக்கும் சுவருக்குக் கறுப்புத் தீட்டுவோருக்கும் ஆகும். அறிஞனின் தூரிகைக்கு ஒன்று, நாட்கடமைக்கு ஒன்று, அச்சுப் புத்தகத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. ஒரே நெருப்பு, ஒரே புகை. எனினும் சமூகத்தின் அடுக்கமைவு முழுவதும் அந்த மூங்கிற் கூடாரத்துள் படுக்கை வசமாகக் கிடக்கிறது. புகைக்கரி தன்னைத்தானே வகைப்படுத்திக்கொள்வது பௌதிக விதி. எவ்வகை எவருக்கு என்பதை விதித்தது பௌதிகமன்று.

எண்ணெய்ப் புகைக்கரி இதனினும் உயர்ந்ததாகக் கருதப்பட்டது. துங் எண்ணெய் ஒரு சின் எரித்தால் ஒரு லியாங்குக்குச் சற்றுக் கூடிய கரியே தேறும் என்கிறது அதே நூல். அதாவது எண்ணெயின் நிறையில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. கைவிரைவுள்ள ஒரு தொழிலாளி இருநூறு விளக்குகளைக் கவனிப்பான் என்றும், சுரண்டத் தாமதித்தாற் கரி முற்றிக் கெட்டு, எண்ணெயும் வீணாகும் என்றும் அது கூறுகிறது. இருநூறு சுடர்களின் நடுவே, காற்றோட்டமற்ற அறையில், ஓயாது நகரும் ஒருவனை மனத்திற் கொண்டுவர இந்த ஒரு கணக்கே போதும். அவனுடைய சுவாசப்பை பற்றி நூல் பேசவில்லை. புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் வளர்ந்தபின் அடையும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று இலண்டன் சத்திரசிகிச்சையாளர் பேர்சிவல் பொட் 1775இல் எழுதினார். தொழில்வழிப் புற்றுநோய் பற்றிய முதல் விளக்கங்களுள் அது ஒன்று.

காடும் இத்தொழிலின் விலையைச் செலுத்தியது. 11ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவோ, பைன் மலைகள் பல மொட்டையாகிவிட்டதைக் கண்டு, வடமேற்குச் சீனத்திற் கசியும் கல்நெய்யை எரித்துக் கரியெடுத்து மை செய்து பார்த்தார். அக்கல்நெய்க்கு அவர் வழங்கிய சீனப் பெயரே இன்றும் பெற்றோலியத்துக்கு அங்கு வழங்குகிறது. அவர் காலத்தவரான கவிஞர் சு ஷி, ஹைனான் தீவிற்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, மை செய்யும் பான் ஹெங் என்பவருடன் சேர்ந்து தாமே மை செய்ய முனைந்தார். 1099ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் அடுப்பு தீப்பற்றி வீடே எரியும் நிலை வந்தது. கைவேலையிற் கைவைத்த அறிஞருக்குக் கிடைத்த பாடம் என்று நகைக்கத் தோன்றினும், வைத்தாரே என்பதற்காக அவரைப் பாராட்டலாம்.

மை பண்டமாக முற்றிய இடம் இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள ஹுய்சௌ. தாங் பேரரசின் இறுதிக் குழப்பங்களில் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த மைவினைஞர் குடும்பமொன்று அங்கு குடியேறியது. அக்குடும்பத்து லி டிங்குவெய்யின் பெயர் 10ஆம் நூற்றாண்டு முதல் தரத்தின் மறுபெயராயிற்று. மிங் காலத்தில் பாங் யூலு, செங் சுன்பாங் என்ற இரு மைவணிகர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, தத்தம் மைக்கட்டிகளின் சித்திரங்களைத் தொகுத்துப் பெருநூல்களை அச்சிட்டனர். செங்கின் நூலில் யேசுசபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி அளித்த விவிலியப் படங்களும் இடம்பெற்றன. விளம்பரத்துக்கு வேதமும் உதவிற்று என்க. கட்டியின் மேல் ஆக்கிய நிறுவனத்தின் பெயரும் சித்திரமும் பொன்வரியும் பொறிக்கப்பட்டன. அழகிய கட்டிகளை உரைக்காமலே பேழையில் வைத்துப் பேணும் வழக்கமும் எழுந்தது. பயன்பெறுமதி முற்றாக ஒழிந்து, பரிவர்த்தனைப் பெறுமதியும் கௌரவமும் மாத்திரம் எஞ்சிய மை அது.

இத்தனைக்கும் அடியில் நின்றது அரசுத் தேர்வு முறை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1905 வரை, தூரிகையும் மையுங் கொண்டு எழுதித் தேறியவரே அதிகாரிகளாக முடிந்தது. மையை வாங்குவதற்கென்றே ஒரு வர்க்கம் இருந்தது. தேர்வு மண்டபத்தில் மை உரைக்கச் செலவாகும் நேரம் வீண் என்று உணர்ந்த சியே சொங்தாய், 1865இல் பீக்கிங்கில் நீர்ம மை விற்கும் கடையைத் தொடங்கினார். மைக்கட்டியின் வீழ்ச்சிக்கு விதையிட்டது மேலைப் பேனா மாத்திரமன்று என்பதற்கு இது சான்று. ஹுய்சௌ மை செய்முறை 2006இல் சீன அரசின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாங்கிய வர்க்கம் போய்விட்டது, பட்டியல் வந்திருக்கிறது.

இனி வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, கடலோரத்து எழுவான்கரையையும் வயல்சூழ்ந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. இப்பிரதேசத்தில் ஏடு எங்கெல்லாம் வழங்கியது? வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களிற் சடங்கு நிகழுங்காலத்தில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கோயில்கள் இவ்வகையிற் பெயர்பெற்றவை. பூசைமுறை கூறும் பத்ததிகள் கோயில்களில் இருந்தன. பரியாரியாரிடம் வாகட ஏடு இருந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஏடுகள் அண்ணாவியாரிடம் இருந்தன. பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சடங்கை இன்றும் 'சட்டங் கொடுத்தல்' என்பர். சட்டம் என்றது ஒவ்வொரு கூத்தருக்கும் உரிய பகுதி எழுதிய ஓலையை. காகிதக் கொப்பி வந்தபின்னும் பெயர் மாறவில்லை.

இங்கு மை வணிகரும் இல்லை, மைக்கட்டியும் இல்லை. ஏன்? மூலப்பொருள் இல்லை என்று கூற முடியாது. தென்னை மலிந்த கரை இது. தேங்காயெண்ணெய் விளக்கின் புகைக்கரி துங் எண்ணெய்க் கரிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பசைக்கு மாட்டுத்தோல் உண்டு. தச்சர் அறிந்த வச்சிரப்பசை தோலிலிருந்தே வருவது. சீனர் மீன்பசையும் கையாண்டனர். வாவியில் மீனுக்குப் பஞ்சமில்லை. குத்துவதற்கு உரலும் உலக்கையும் எந்த வீட்டிலும் இருந்தன. பசை கிடைக்காமையால் மைக்கட்டி தோன்றவில்லை என விளக்குவது வரலாற்றுப் பொருள்முதல்வாதமாகாது. அது வெறும் பொருள்களின் கணக்கு. மைக்கட்டியை வாங்க இங்கு எவரும் இல்லை; ஆகவே பசை கரியைத் தேடிப் போகவில்லை. தூரிகையேந்திய பெரும் அதிகாரி வர்க்கமொன்று இங்கு உருவாகவில்லை. வன்னிமைகளும் போடிமாரும் கொண்ட இந்நிலமானிய அமைப்பில், நிலமும் நீரும் கோயில் உரிமையும் குடிவழியே பகிரப்பட்டன. அவ்வமைப்பை நடாத்த வாய்மொழியும், சிறிதளவு ஓலையும் போதியவாயிருந்தன.

பசையின் சமூகப் பணி இங்கு தெளிவாகிறது. பசை கரியைக் கட்டியாக்குகிறது. கட்டியானது சேமிக்கப்படும், நிறுக்கப்படும், பெயர் பொறிக்கப்படும், தூரத்துக்கு அனுப்பப்படும். எண்ணெயோ இலைச்சாறோ கரியை அவ்வாறு இறுக்குவதில்லை. குழைத்த அன்றே பூசி முடிக்க வேண்டும். சீன மையில் உழைப்பு பண்டத்துள் உறைந்து சந்தைக்குப் போயிற்று. ஏட்டு மையில் அது பூசிய இடத்திலேயே கரைந்துவிட்டது. அதனாலேயே ஏட்டு மைக்குக் கடையும் இல்லை, கணக்கும் இல்லை, வரலாறும் எழுதப்படவில்லை.

இச்செய்முறை ஓரிடத்துக்கு ஓரிடம் வேறுபட்டது. தமிழ் மரபில் மாவிலைக் கரி, சிரட்டைக் கரி, விளக்குக் கரி என்பனவும், கோவையிலை, ஊமத்தையிலை, மணத்தக்காளி என்பவற்றின் சாறும், மஞ்சளும், சுட்ட வசம்பும் கையாளப்பட்டன. சிங்கள மரபில் தாளிப்பனையோலைக்குக் கரித்தூளும் 'தும்மல' என்னும் குங்கிலிய எண்ணெயும் பூசப்பட்டன. அந்த எண்ணெய் எழுத்தைக் காட்டுவதோடு பூச்சியையும் விலக்கும். இவ்வட்டாரத்து முஸ்லிம் மக்களின் அரபுத்தமிழ் எழுத்து காகிதத்தையும் நாணற் பேனாவையும் சார்ந்தது. அரபுலக மை மரபில் கரியோடு கருவேலம் பிசின் சேரும். ஆகவே ஒரே வாவியின் கரையில் எண்ணெய் வழியும் பிசின் வழியும் அயலயலாக வாழ்ந்தன. இது தனியே ஆராயப்பட வேண்டியதொன்று.

வசம்பைச் சிறிது நின்று நோக்குதல் தகும். விளக்குச் சுடரிற் சுட்டு உரைத்து, பிள்ளையின் நாவிலும் வயிற்றிலும் தடவப்படும் அதே மருந்து ஏட்டுக்கும் போகிறது. தேங்காயெண்ணெய்ச் சுடரின் மேல் சட்டியைக் கவிழ்த்துக் கரியெடுத்துக் கண்மை கூட்டுவது பெண்களின் வேலை. கரியை அறிந்தவர், அதன் நுண்மையை விரலாற் சோதிக்கக் கூடியவர், அடுக்களையிலேயே இருந்தார். ஆயினும் ஏட்டின் இறுதியில், எழுதியவன் பெயரும் எழுதுவித்தவன் பெயரும், ஆண்டும் நாளும் காணப்படும். ஓலையைப் பாடஞ்செய்தவரோ கரியை அரைத்தவரோ இடம்பெறுவதில்லை. சீனத்தில் வணிகன் பெயர் பொறிக்கப்பட்டு விளக்கறைத் தொழிலாளி மறைந்தான். இங்கு வணிகனும் இல்லாமல், உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படாமல் மறைந்தது. கூலியில்லா வீட்டுழைப்பைக் காணத் தவறும் பார்வை முதலாளித்துவப் பொருளியலுக்கு மாத்திரம் உரியதன்று. எமது அணியினரின் எழுத்திலும் அது உண்டு என ஒப்புக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு என்றவுடன் யாழ்ப்பாணத்தார் மந்திரத்தையும் பாயோடு ஒட்டவைத்த கதையையும் நினைப்பர். அக்கதை இங்கு எமக்கு வேண்டியதில்லை. ஆயின் 'மை பார்த்தல்' என்ற வழக்கம் குறிப்பிடத்தக்கது. வெற்றிலையில் மை தடவி, அதன் கரிய பளபளப்பை உற்றுநோக்கி, களவுபோன பொருளைக் கண்டுசொல்வது. மறைந்திருப்பதைக் கறுப்பு காட்டும் என்ற நம்பிக்கை, ஓலையிற் கறுப்புப் பூசி மறைந்த எழுத்தைக் கண்ட மக்களிடையே வேர்கொண்டதில் வியப்பில்லை. இது எனது ஊகம், நிரூபணமன்று.

ஏட்டு மையின் ஒரு குணம் மூலபாட ஆய்வாளருக்கு நேரடியாக முக்கியமானது. கரி கீறலை மட்டுமே அறியும், எழுத்தை அறியாது. எழுத்தாணியின் கோடும், பூச்சியின் தடமும், நகம் பட்ட வடுவும் அதற்கு ஒன்றே. ஏடுகளிற் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் இல்லாத நிலையில், பூச்சித் துளையொன்று மையேறிப் புள்ளியெனவோ காலெனவோ மயங்க இடமுண்டு. பன்முறை மையாடிய ஓலையில் இவ்வடுக்கள் கூடும். ஆகவே ஏடு நன்கு படிக்கப்பட்டது என்பதற்குச் சான்றான கறுப்பே, ஏடு தவறாகப் படிக்கப்படுவதற்கும் காரணமாகலாம். பதிப்பாசிரியர் மை பூசுமுன் ஒருமுறையும் பூசியபின் ஒருமுறையும் ஓலையை நோக்குவது நலம்.

காகிதமும் அச்சும் வாவிக்கரைக்கு வந்த வரலாறு இங்கு சுருக்கமாகவே போதும். போத்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அவர்களின் ஆவணங்கள் காகிதத்தில், இரும்பும் துவர்ப்பும் கூடிய மையால் எழுதப்பட்டவை. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டினால் உண்டாகும் கறுப்பு அந்த இனத்தது. காலப்போக்கில் அது தான் நிற்கும் காகிதத்தையே அரிக்கும். புகைக்கரியோ வெளிச்சத்தாலும் வெளிறுவதில்லை. 1814இல் வெசுலியன் பாதிரியார் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கியபின், இறகுப் பேனாவும் மைக்கூடும் இலிகிதருத்தியோகத்தின் வாயில்களாயின. சீனத் தேர்வு மண்டபத்தின் சிறு பிரதியொன்று காலனித்துவக் கச்சேரியின் வடிவில் எமக்கும் கிட்டியது. மையை வாங்கும் வர்க்கம் அப்போதுதான் இங்கு தோன்றிற்று; அது வாங்கிய மை கப்பலில் வந்தது.

1960களில் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறும் வேலை தீவிரமடைந்தது. எவ். எக்ஸ். சி. நடராசாவின் 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பும், பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 'அலங்காரரூபன் நாடகம்' பதிப்பும் 1962இல் வெளிவந்தன. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலும், அவர் பதிப்பித்த 'கண்ணகி வழக்குரை' 1968இலும் வந்தன. இவை இல்லையேல் எமது ஆய்வு தொடங்கியிருக்கவே முடியாது. ஆனால் அச்சுநூல் கைக்கு வந்ததும், ஆண்டுதோறும் ஏட்டை விரித்து மையாடிப் படிக்க வேண்டிய தேவை குறைகிறது. படிக்கப்படாத ஏடு மை பெறுவதில்லை. மை பெறாத ஏட்டிற் பூச்சி புகுகிறது, எழுத்து மங்குகிறது. பட்டுத்துணியிற் சுற்றி வணங்கப்படும் ஏடு, பேழையில் வைத்த மிங் மைக்கட்டியைப் போலவே பயன்பெறுமதி நீங்கிய பொருளாகிறது. நான் பார்த்த கூத்து ஏடும், முதியவர் கூற்றுப்படி, இருபது ஆண்டுகளாக மையாடப்படாதது. கொப்பியிற் பெயர்த்தெழுதியபின் அதனை அவிழ்க்க வேண்டி நேரவில்லை என்றார்.

இடையில் 1978 நவெம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி வந்தது. பின்னர் நீண்ட யுத்தமும் இடப்பெயர்வும். 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள். வீட்டோடு ஏடும் போன குடும்பங்கள் எழுவான்கரையில் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் கரியாயின. எழுத்தைக் காட்டும் கரியன்று அது. எஞ்சியவற்றைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கும் முயற்சிகள் இப்பொழுது நடைபெறுகின்றன. மையில்லாத ஓலையைப் படமெடுப்பவர்கள் பக்கவாட்டு ஒளியை நாடுகின்றனர். அல்லது எலுமிச்சைப்புல் எண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசுகின்றனர். அந்தக் கரி இரசாயனக் கடையிலிருந்து வருகிறது.

சுவடி விவரணப் பட்டியல்களில் ஓலையின் நீள அகலம், ஏட்டின் எண்ணிக்கை, வரிகள், சிதைவு, எழுதியவர் என்பவற்றுக்கு இடமுண்டு. இறுதியாக எப்போது மை பூசப்பட்டது, என்ன கரி, என்ன எண்ணெய் அல்லது சாறு, வீட்டில் யார் அதனைக் கூட்டினார் என்பனவற்றுக்கும் இரண்டு நிரல்கள் சேர்க்கப்பட வேண்டும். இவற்றுக்கு விடை தரக்கூடியோர் இப்பொழுது எழுபது, எண்பது வயதினர். பெரும்பாலும் ஏட்டுக்குரியவரல்லர், அடுக்களை வாசலில் நிற்பவர்கள். படுவான்கரை வீட்டிலிருந்து புறப்படுகையில் அந்த அம்மையாரிடம் சிரட்டைக் கரியா விளக்குக் கரியா சிறந்தது என்று கேட்டேன். சிரட்டைக் கரி எழுத்துக்கு, விளக்குக் கரி கண்ணுக்கு என்றார்; விளக்குக் கரி கடுகளவு சேர்த்தாற் சிரட்டைக் கரி இன்னுங் கறுக்கும், அதை அவருக்குச் சொல்வதில்லை என்றும் கூறினார்.